கண்ணைச் சுற்றி ரத்தக்கட்டு: அடிபட்ட நிமிடத்திலிருந்து நிறம் மறையும் வரை

பந்து பட்டாலும், அடுத்தவர் முழங்கை இடித்தாலும், இருட்டில் கதவு விளிம்பில் மோதினாலும் விளைவு ஒன்றுதான். சில மணி நேரத்தில் இமை தடித்து, கண்ணைச் சுற்றிக் கருநீலமாகக் கன்றிவிடும். பார்க்கப் பயமாக இருக்கும் இந்த நிறம் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தானாகவே போய்விடும். அக்கறை காட்ட வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் விழி, கண் குழியின் எலும்பு, தலை ஆகிய மூன்றின் மீதும்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஐஸ் இரண்டாவதாக வருகிறது. முதலில் கண்ணைச் சோதிக்க வேண்டும். அடிபட்ட உடனே இமையைத் திறந்து பார்க்கலாம். வீக்கம் ஏறி இமை மூடிக்கொண்ட பிறகு உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று வீட்டில் யாராலும் பார்க்க முடியாது. அந்தச் சில நிமிடங்களை வீணாக்காதீர்கள்.

இங்கே மட்டும் ஏன் இவ்வளவு கறுக்கிறது

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல்தான், தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதன் அடியில் கொழுப்பு மிகக் குறைவு; திசுவும் இறுக்கமில்லாமல் தளர்வாக இருக்கும். நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து கசியும் சிறிதளவு ரத்தம்கூட அந்தத் தளர்ந்த இடம் முழுவதும் பரவிவிடும். அதே வேகத்தில் தொடையில் பட்ட அடி வெளியே தெரியாமல் போகலாம். கண்ணில் பட்டால் முகமே மாறிவிடும். ஆகவே கருமையின் அளவை வைத்து அடியின் கடுமையைக் கணக்கிடக் கூடாது. பயங்கரமாகக் கறுத்த கண்ணுக்குள் விழி நலமாக இருப்பதுண்டு. லேசாகக் கன்றிய கண்ணுக்குள் விழித்திரை கிழிந்திருப்பதும் உண்டு.

ரத்தம் கீழ்நோக்கி இறங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நெற்றியில் அடிபட்டால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இமை கறுக்கும். மூக்கெலும்பு முறிந்தால் இரண்டு கண்ணும் கன்றும். கண்ணில் இருந்த நீலம் மூன்றாம் நாள் கன்னத்துக்கு இறங்கினால், காயம் பரவுகிறது என்று அஞ்ச வேண்டாம். பழைய ரத்தம்தான் இடம் மாறுகிறது. படுத்து எழுந்ததும் வீக்கம் கூடுதலாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

முதல் வேலை: கண்ணைச் சோதித்தல்

அடிபட்டவரை நிமிர்ந்து உட்கார வையுங்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள். கண்ணாடி உடைந்திருந்தால் சில்லு எதுவும் கண்ணிலோ இமையிலோ இருக்கிறதா என்று தொடாமல் பாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு தொடங்குங்கள்.

1. இமையைத் திறப்பது. அவராகவே திறக்கட்டும். முடியவில்லை என்றால் ஒரு விரலைப் புருவ எலும்பின் மீதும் இன்னொரு விரலைக் கன்ன எலும்பின் மீதும் வைத்துத் தோலை மெல்ல விலக்குங்கள். அழுத்தம் எலும்பின் மேல்தான் விழ வேண்டும், விழியின் மேல் துளியும் கூடாது. அப்படியும் திறக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். திறக்காத கண்ணை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

2. பார்வை. நல்ல கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மறைத்துவிட்டு, அடிபட்ட கண்ணால் மட்டும் ஏதாவது எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றி, அதே தூரத்தில் அதே எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். வழக்கமாகக் கண்ணாடி போடுபவராக இருந்து அது உடையாமல் இருந்தால் போட்டுக்கொண்டே படிக்கலாம். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சோதிப்பதில் பயனில்லை; நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

3. அசைவு. தலையை ஆட்டாமல் உங்கள் விரலை மட்டும் கண்ணால் பின்தொடரச் சொல்லி மேலே, கீழே, இடம், வலம் என்று நகர்த்துங்கள். ஒரு கண் பின்தங்குகிறதா, விரல் இரண்டாகத் தெரிகிறதா, மேலே பார்க்கும்போது வலி கூடுகிறதா என்று கேளுங்கள்.

4. கண்மணி. நடுவில் இருக்கும் கருப்பு வட்டம் இரண்டு கண்ணிலும் ஒரே அளவாக, வட்டமாக இருக்க வேண்டும். டார்ச் ஒளி பட்டதும் சுருங்க வேண்டும். சிலருக்குப் பிறவியிலேயே சற்று அளவு வித்தியாசம் இருக்கும். பழைய புகைப்படம் இருந்தால் ஒப்பிடலாம். ஒரு பக்கம் இழுபட்டு நீர்த்துளி வடிவில் இருந்தால் விழிச்சுவர் கிழிந்திருக்கலாம். அந்த நொடியே சோதனையை நிறுத்திவிடுங்கள்.

5. விழியின் முன்புறம். கருவிழியின் அடிப்பகுதியில் சிவப்பாக ரத்தம் தேங்கி ஒரு கோடு போல நிற்கிறதா என்று உற்றுப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் இது தெரியும். படுத்திருந்தால் ரத்தம் பரவி, பார்வை மங்கல் மட்டுமே தெரியும்.

6. உணர்ச்சி. பஞ்சால் இரண்டு கன்னத்தையும், மூக்கின் இரு பக்கத்தையும், மேலுதட்டையும் தொட்டுப் பாருங்கள். அடிபட்ட பக்கம் மரத்துப்போயிருந்தால் கண் குழியின் அடித்தளம் முறிந்திருக்க வாய்ப்புண்டு. கன்னத்துக்கான நரம்பு அந்தத் தளத்தின் ஊடாகத்தான் வருகிறது.

கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்து, இமை எளிதாகத் திறந்து, மேலே சொன்ன எதிலும் சந்தேகம் இல்லை என்றால் மட்டும் லென்ஸை எடுக்கலாம்.

இந்தச் சோதனையை ஒரு முறையோடு முடித்துவிடாதீர்கள். முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒரு முறை, குறைந்தது பார்வையையும் அசைவையும் திரும்பப் பாருங்கள். காலையில் நன்றாக இருந்து மாலையில் மங்கும் கண்ணுக்கு உடனே மருத்துவர் தேவை.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

விழி கிழிந்திருக்கும் என்ற சந்தேகம். கண்மணி கோணலாக இருப்பது, விழியிலிருந்து கருப்பாகவோ பழுப்பாகவோ திசு எட்டிப் பார்ப்பது, ஏதாவது குத்தி நிற்பது, பார்வை திடீரென மிகவும் குறைவது ஆகியவை இதன் அடையாளங்கள். கழுவாதீர்கள், சொட்டு மருந்து விடாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், குத்தியதைப் பிடுங்காதீர்கள். ஒரு காகிதக் கோப்பையின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணின் மேல் கவிழ்த்து, அதன் விளிம்பு எலும்பின் மீது மட்டும் உட்காரும்படி டேப் ஒட்டுங்கள். பஞ்சு வைத்துக் கட்டுப் போடுவது விழியை அழுத்தி உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிடும். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் உணவும் நீரும் கொடுக்காமல் கண் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

விழிக்குப் பின்னால் ரத்தம் தேங்குவது. இது அரிது, ஆனால் கண்ணைப் பறிப்பதில் மிக வேகமானது. கண் குழி எலும்பால் சூழப்பட்ட சிறிய அறை. அதற்குள் ரத்தம் சேர்ந்தால் விழி முன்னால் தள்ளப்படும், பார்வை நரம்புக்குப் போகும் ரத்த ஓட்டம் நெரிபடும். கண் பிதுங்கி, கல் போல இறுகி, வலி தாங்க முடியாமல், பார்வை மங்கிக்கொண்டே போகும். ஏறக்குறைய 90 முதல் 120 நிமிடத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போகலாம். அவசரப் பிரிவில் இமையின் வெளி மூலையை வெட்டித் தளர்த்தி அழுத்தத்தை இறக்குவார்கள். ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல் செய்யும் சிகிச்சை இது.

கருவிழிக்குப் பின்னால் ரத்தம். ஐந்தாம் படியில் பார்த்த அந்தச் சிவப்புக் கோடுதான். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தலையை உயர்த்தி வைத்து, ஓடியாடாமல் இருக்க வேண்டும். முதல் ஐந்து நாட்களுக்குள் மறுபடி ரத்தம் கசியும் ஆபத்து உண்டு, அந்த இரண்டாவது கசிவு பெரும்பாலும் முதலாவதைவிட மோசமாக இருக்கும். கண் அழுத்தமும் ஏறலாம் என்பதால் மருத்துவர் அடிக்கடி அழைத்து அளப்பார். அரிவாள் செல் ரத்தக் குறைபாடு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சற்றே ஏறிய அழுத்தம்கூடச் சேதம் செய்யும், சில அழுத்த மருந்துகளும் ஒத்துக்கொள்ளாது.

கண் குழி எலும்பு முறிவு. பொருள் இரட்டையாகத் தெரிவது, மேலே பார்க்க முடியாதது, கன்னமும் மேல் பற்களும் மரத்துப்போவது, கண் உள்ளே ஒடுங்கியது போலத் தெரிவது. முறிவு எங்கே என்று சி.டி. ஸ்கேன் காட்டும். குழந்தைகளில் இது வேறு முகம் காட்டும். அவர்கள் எலும்பு வளையும் தன்மை கொண்டது. முறிந்த துண்டு கதவு போலத் திறந்து, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டு மூடிவிடும். வெளியே கருமையே இருக்காது, கண் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் குழந்தை வாந்தி எடுக்கும், சோர்ந்துபோகும், மேலே பார்க்க மறுக்கும், நாடித் துடிப்பு குறையலாம். தலைக்காயம் என்று நினைத்துக் கண்ணைப் பார்க்காமல் விடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. கவ்வப்பட்ட தசை செத்துவிடும் முன்பு, ஓரிரு நாளுக்குள் அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும்.

தலைக்காயம். நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் போன்ற திரவம் வடிவது. கண்ணில் நேரடி அடியே படாமல், தலையில் அடிபட்ட ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் இரண்டு கண்ணைச் சுற்றியும் கருவளையம் தோன்றினால் மண்டையோட்டின் அடித்தளம் முறிந்திருக்கலாம். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மேலும் நீலம் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெள்ளைவிழியில் பளிச்சென்று சிவப்புத் திட்டு இருந்து, பார்வையும் அசைவும் சரியாக இருந்தால், அது மேல்படலத்தின் கீழ் கசிந்த ரத்தம். பார்க்கத்தான் பயமாக இருக்கும். ஒன்று இரண்டு வாரத்தில் கரையும். அந்தச் சிவப்பு கருவிழியைச் சுற்றி முழு வட்டமாகவும் புடைத்தும் இருந்தால் மட்டும், உள்ளே கிழிசல் இருக்கலாம் என்று எண்ணி மருத்துவரிடம் போங்கள்.

முதல் 48 மணி நேரம்: குளிர்ச்சி

சோதனையில் எல்லாம் சரி என்றால் இப்போது ஐஸ். குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கிக் கசிவைக் குறைக்கும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். ஆறு மணி நேரம் கழித்து வைக்கும் ஐஸ் வலியைத் தணிக்கும், ஆனால் ஏற்கெனவே கசிந்த ரத்தத்தை அதனால் திருப்பி எடுக்க முடியாது.

பொடித்த ஐஸையோ, உறையவைத்த பட்டாணிப் பையையோ மெல்லிய ஈரத்துணியில் சுற்றுங்கள். பெரிய ஐஸ் கட்டி கனமாக இருக்கும், மேடுபள்ளத்துக்கு வளையாது, விழியை அழுத்தும். புருவ எலும்பு, கன்ன எலும்பு, மூக்கின் பக்கவாட்டு ஆகியவற்றின் மீது படியும்படி வையுங்கள். விழியின் மேல் பாரம் விழக் கூடாது. ஒரு முறைக்கு 10 முதல் 15 நிமிடம். விழித்திருக்கும் நேரத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. துணி இல்லாமல் நேரடியாக வைத்தால் இந்த மெல்லிய தோல் உறைந்து புண்ணாகிவிடும். தோல் வெளிறினாலோ மரத்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். ஐஸ் வைத்தபடியே தூங்கிவிடக் கூடாது.

இரவில் தலையை இரண்டு மூன்று தலையணையால் உயர்த்திப் படுக்க வேண்டும். கழுத்து மட்டும் மடங்காமல், தோளிலிருந்தே சாய்வாக இருக்கட்டும். இந்த ஒரு பழக்கம் காலை வீக்கத்தை நன்றாகவே குறைக்கும்; பலரும் ஐஸை மட்டும் நினைத்து இதை விட்டுவிடுகிறார்கள். குனிந்து பாரம் தூக்குவது, முக்குவது, கடும் உடற்பயிற்சி ஆகியவை இரண்டு மூன்று நாளைக்கு வேண்டாம்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். எடை குறைந்தவர்களும் கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் இதைவிடக் குறைவான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு நாளில் அதிகபட்சம் நான்கு முறை. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுக்கும் என்பதால் வலிக்காக அதை எடுக்காதீர்கள். இப்யூபுரோஃபெனையும் முதல் இரண்டு நாள் தவிர்ப்பது நல்லது.

மூக்கைச் சிந்தாதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. கண் குழியின் அடித்தளத்துக்குக் கீழேயும் உள்சுவருக்கு அப்பாலும் மூக்கோடு இணைந்த காற்றறைகள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது. அதில் நூலிழை விரிசல் இருந்தாலும், மூக்கைச் சிந்தும்போது காற்றும் கிருமியும் கண் குழிக்குள் பீய்ச்சப்படும். இமை திடீரென உப்பும். தொட்டால் நறநறவென்று இருக்கும். பலருக்குத் தங்களுக்கு விரிசல் இருந்தது என்பதே அப்போதுதான் தெரியவருகிறது.

விரிசல் உறுதியானவர்களும் அந்தச் சந்தேகம் உள்ளவர்களும் குறைந்தது இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், அடக்காதீர்கள். மூக்கு ஒழுகினால் துணியால் ஒற்றி எடுங்கள். விமானப் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள்.

48 மணி நேரத்துக்குப் பிறகு: வெப்பம்

வீக்கம் நின்று, தோல் சூடாக இல்லாமல் இருந்தால் வெதுவெதுப்பான ஒத்தடத்துக்கு மாறலாம். இப்போது வேலை தலைகீழ்: ரத்த ஓட்டத்தைக் கூட்டி, தேங்கிய ரத்தத்தைச் சீக்கிரம் கரைக்க வேண்டும். துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள். அங்கே சுகமாக இருந்தால் இமைக்கும் சரி. 10 நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை. இரண்டு நாளுக்கு முன்பே சூடு வைத்தால் அடங்கிய கசிவு மறுபடி தொடங்கி வீக்கம் கூடும். சீக்கிரம் ஆற வேண்டும் என்ற ஆசையில் நடக்கும் வழக்கமான பிழை இது.

நிறம் மாறும் வரிசை

முதலில் சிவப்பு. ஓரிரு நாளில் கருநீலம் அல்லது ஊதா. அதன் பிறகு ரத்தத்தின் ஹீமோகுளோபினை உடல் சிதைக்கத் தொடங்கும்: அது பிலிவெர்டினாக மாறும்போது பச்சை, பிலிரூபினாக மாறும்போது மஞ்சள், கடைசியில் எஞ்சும் இரும்புச் சத்தால் பழுப்பு. பச்சை ஐந்தாறு நாளிலும் மஞ்சள் ஒரு வாரத்துக்குப் பிறகும் மேலோங்குவது வழக்கம். நடுவில் நீலமும் ஓரத்தில் மஞ்சளுமாக ஒரே நேரத்தில் பல நிறம் இருக்கலாம். வயது, தோல் நிறம், கசிந்த ரத்தத்தின் அளவு எல்லாம் இந்தக் கணக்கை மாற்றும் என்பதால், நிறத்தை மட்டும் பார்த்து அடி என்றைக்குப் பட்டது என்று யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது. கருத்த தோலில் பச்சை, மஞ்சள் நிலைகள் தெளிவாகத் தெரியாமல் கருமை மட்டும் படிப்படியாக மங்கும்.

மூன்று வாரம் கடந்தும் கருமை குறையாவிட்டாலோ, குறைந்த வீக்கம் திரும்ப ஏறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். இமை சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் தொற்று ஏற்பட்டிருக்கலாம். கண்ணை அசைத்தால் வலிக்கிறது என்றால் அன்றே போக வேண்டும்.

செய்யக் கூடாதவை

பச்சை இறைச்சியைக் கண்ணில் வைப்பதில் அதன் குளிர்ச்சியைத் தவிர வேறு பயன் இல்லை. கிருமி மட்டும் மிச்சமாகும். ரத்தக்கட்டைத் தேய்த்துக் கரைக்க முயன்றால் மேலும் குழாய்கள் உடையும். வலி நீக்கும் தைலங்கள் கண்ணுக்குள் இறங்கிக் கருவிழியை எரிக்கும். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்து வேண்டாம், குறிப்பாக ஸ்டீராய்டு கலந்தது. ரத்தத்தை ஊசியால் எடுக்க நினைப்பது பேராபத்து. ஆர்னிகா என்ற மூலிகைக் களிம்பும் வைட்டமின் கே களிம்பும் கருமையைக் குறைக்கும் என்று விற்கப்படுகின்றன. அதற்கான ஆதாரம் பலவீனமானது. தோல் கிழியாமல் இருந்து, கண்ணுக்குள் போகாமல் தடவினால் பெரும் தீங்கு இல்லை, அவ்வளவே.

மூடிய கண்ணோடு வண்டி ஓட்டாதீர்கள். ஒரு கண் பார்வையில் தூரக் கணிப்பு தவறும்.

கூடுதல் கவனம் தேவைப்படுபவர்கள்

வார்ஃபரின், குளோபிடோக்ரெல், அபிக்ஸபான், ரிவரோக்ஸபான் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் சிறிய அடிக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பின்னாலும் மூளையிலும் மெதுவாகக் கசிவது இவர்களுக்கு அதிகம். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதயத்துக்காகத் தரப்பட்ட ஆஸ்பிரினும் இதில் அடங்கும்.

அடியே படாமல் கண்ணைச் சுற்றிக் கன்றினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. கண்ணைத் தேய்த்தாலோ இருமினாலோகூட இமை கன்றுவது, திசுக்களில் ஒருவகைப் புரதம் படியும் அமிலாய்டு நோயில் காணப்படும். சிறு குழந்தைக்குக் காரணமின்றி இரண்டு கண்ணும் கறுத்தால் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயையும் மருத்துவர் சோதிப்பார். பல்லீறு ரத்தம், உடலில் ஆங்காங்கே நீலத் திட்டு ஆகியவையும் இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். இன்னும் தவழக்கூடத் தொடங்காத குழந்தையின் முகத்தில் எந்தக் கன்றலும் சாதாரணமானதல்ல. ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் கண் மீண்டும் மீண்டும் கறுக்கிறது என்றால் அவரிடம் தனியாக, அமைதியாக, நம்பிக்கை தரும்படி கேளுங்கள். மருத்துவரிடமும் உண்மையைச் சொல்லலாம். எதனால் பட்ட அடி, எந்த வேகத்தில் என்பது சிகிச்சைக்கே தேவையான தகவல்.

நிறம் போன பிறகு

பலமான அடி விழுந்த கண்ணை, எல்லாம் சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும், கண்மணியை விரியவைக்கும் சொட்டு விட்டு ஒரு முறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். விழித்திரையில் விழுந்த சிறு கிழிசலால் வாரங்கள் கழித்து விழித்திரையே பிரிந்து வரலாம். மின்னல் போன்ற ஒளி, திடீரெனக் கூடும் கருப்புப் புள்ளிகள், பார்வையின் ஓரத்தில் திரை இறங்குவது ஆகியவை அதன் முன்னறிவிப்பு. அன்றே போக வேண்டும். அடிபட்ட இரண்டு மூன்று நாளில் வெளிச்சம் பார்த்தால் கண் கூசி வலிப்பது உள்ளழற்சியின் அடையாளம், சொட்டு மருந்தில் குணமாகும்.

விழிக்குள் சுரக்கும் நீர் (கண்ணீர் அல்ல) வடியும் மூலை சேதமடைந்திருந்தால் கண் அழுத்தம் பல வருடம் கழித்து, வலியே இல்லாமல் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமாவாகலாம். கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கியவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம் என்பதால், ஆண்டுக்கு ஒரு முறை கண் அழுத்தத்தை அளந்துகொள்வதை வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டும். வேறு காரணத்துக்காகக் கண் மருத்துவரிடம் போகும்போதும் அந்தப் பழைய அடியைச் சொல்லுங்கள். விளையாட்டுக்குத் திரும்புவது பார்வை முழுதும் தெளிந்து, இரட்டைத் தோற்றம் போய், மருத்துவர் அனுமதித்த பிறகு; பந்து பறக்கும் விளையாட்டு என்றால் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியோடு. வழக்கமான மூக்குக்கண்ணாடி அந்த வேலையைச் செய்யாது, உடைந்து கண்ணையே வெட்டலாம்.